மாதாவுக்குப் பின்னால் பாரம்

ஜூலை 29, செவ்வாய்

இரண்டாவது மருந்தும் கேட்கவில்லை. யூஜினியின் ஈரலில் கட்டி இன்னும் வளர்ந்திருக்கிறது. மூன்றாவது மருந்து ஒன்று இருக்கிறதாம், அடுத்த மாதம் தொடங்கலாமாம். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். யூஜினி பேசவில்லை. நான்தான் உடனே ஓம் என்றேன். மனைவியைச் சாக விடவா சொல்வது?

காரில் வரும்போதே, அவள் சுகமாகவேண்டுமென்று நேர்ந்துகொண்டேன். இந்த முறை மிட்லண்ட் கோயில் திருவிழாவுக்கு எங்கள் செபக்குழுவின் மாதா சுரூபத்தை நான்தான் என் காரில் கட்டி இழுத்துப் போவேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காருக்குப் பின்னால் கொளுவுகிற ட்ரெயிலர் றிச்சர்டுடையது. வருசா வருசம் சுரூபம் கொண்டு போகிறவன் அவன்தான். திருவிழாவுக்கான ஜெனரேற்றரையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் முன்னுக்கு ஏற்றச் சொன்னான்.

"மாதாவுக்கு முன்னால ஜெனரேற்றரோ? உனக்கென்ன விசரோ?"

"அண்ணை, மாதா கோவிக்கமாட்டா. ட்ரெயிலர்தான் கோவிக்கும். பின்னுக்குப் பாரமெண்டா வால் ஆட்டும்."

நான் கேட்கவில்லை. என்னுடையது நாலு சில்லும் இழுக்கிற கார், எல்லாம் தாங்கும் என்று சொல்லிவிட்டு, மாதாவை முன்னுக்கு வைத்து, பாரமெல்லாம் பின்னால் ஏற்றினேன்.

ஆகஸ்ட் 9, சனி

கவிழ்ந்துவிட்டது.

பரி நகரம் தாண்டி ஒரு இறக்கம். ட்ரெயிலர் முதலில் மெல்லத்தான் ஆடியது. பிறகு காரையே பிடித்து உலுப்பியது. பயத்தில் பிரேக்கை அழுத்தினேன் – அழுத்தக் கூடாதாம். ட்ரெயிலர் குடைசாய்ந்து, காரையும் ஓரப் புல்லுக்குள் இழுத்துப் போனது. நாலு சில்லும் இழுத்து என்ன? பின்னால் ஆடுகிறதை நிறுத்த அதற்குத் தெரியாது.

பக்கத்தில் இருந்த யூஜினிக்கு ஒரு கீறலும் இல்லை. மாதாவின் இரண்டு கையும் உடைந்து போயின.

புல்லில் குந்தியிருந்து குழறி அழுதேன். முன்னுக்குத்தானே வச்சனான்! மரியாதையாத்தானே வச்சனான்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இதுதான் பதிலென்றால், இனிக் கேட்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கைகளை ஒட்டலாம் என்று றிச்சர்ட் வந்து சொன்னான். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அவன் போன பிறகு யூஜினியிடம், நேர்த்திக்கடன் பிழையாய்ப் போய்விட்டது, உன் சுகத்தை நானே கெடுத்துவிட்டேன் என்றேன்.

"நீங்கள் என்னத்துக்கு நேந்தனீங்கள் எண்டு தெரியும். நான் நேந்தது வேற."

"என்ன?"

"இனி மருந்து வேண்டாமெண்டு உங்களிட்டச் சொல்ல, மாதா எனக்குப் பலம் தரவேணுமெண்டு."

அவள் என் கையைப் பிடித்தாள்.

"சாப்பிடுறதெல்லாம் சத்தி எடுத்து எடுத்துச் சாகேலாதப்பா."

என்னிடம் ஒரு சொல் சொல்ல, மாதாவிடம் போகவேண்டியிருந்ததா அவளுக்கு? அவ்வளவு பயங்கரமானவனா நான்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, மூன்றாவது மருந்துக்கு வரமாட்டோம் என்றேன். வேறு திகதி தரவா என்று போனில் கதைத்த பிள்ளை கேட்டாள். வாய் ஓம் என்று சொல்லத்தான் போனது. நிறுத்தி, எதிரே இருந்த யூஜினியிடம் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். அதையே போனில் சொன்னேன்.

கொஞ்சம் பொறுத்து, பசிக்குது என்றாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

"உப்புக் கூடிப்போச்சு," என்று சிரித்தாள்.

குசினிக்குள் போய் மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கூடத்தான். அங்கேயே நின்று அழுதுவிட்டு, தண்ணீர் விட்டு இன்னொரு கோப்பை கொண்டு போனேன்.