காலி அட்டைகள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி ஒருவர் வந்தார். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க மாத்திரை கொடுத்தும் ரத்தத்தில் கிருமி குறையவில்லை.

"ஒழுங்கா போட்டிருந்தா குறைஞ்சிருக்குமே!" என்று கடிந்துகொண்டேன்.

அவர் பையைக் கவிழ்த்தார். அத்தனையும் காலி அட்டைகள். ஒவ்வொரு மாத்திரைக் குழிக்கும் பேனாவால் தேதி.

"ஒருநாள்கூட விடல, சிஸ்டர். சந்தேகப்படணும்னா மருந்த சந்தேகப்படுங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சோதித்தால், கிருமிதான் அந்த மருந்துக்கு மசியவில்லை. உடனே மருந்தை மாற்றினோம். பிறந்த குழந்தைக்கு முதல் பரிசோதனையில் தொற்றில்லை. என்ன மனுஷி, அம்மா!

வார்டில் கூப்பிடுகிறார்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து எண்ணுவேன். எண்ணி முடிக்கும்வரையாவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் மகள்