புளி போட்டுத் தேய்ச்ச மெடல்

இன்னாங்க,

பெங்களூர்ல மக வீட்ல கோச்சுக்கினு உட்கார்ந்தது போதும். புத்த பூர்ணிமாவுக்கு விளக்கு தேய்க்கும்போது உங்க தாத்தா காலத்து ஸ்காட்லாந்து புட்பால் மெடலையும் புளி போட்டுத் தேய்ச்சேன். "நூறு வருஷத்துக் கறுப்பையே அழிச்சிட்டியே"ன்னு கத்திட்டு, சோறுகூட துன்னாம ரயில் ஏறிட்டீங்க.

நேத்து கண்ணாடி போட்டுக்கினு பார்த்தேன். வர்றவங்க எல்லாருக்கும் பந்துன்னு காட்டுவீங்களே, அது சுருண்டு படுத்திருக்கிற நாய். கீழ, 'கோலார் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம், நாய்க் கண்காட்சி, இரண்டாம் பரிசு'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குது.

கோவம் எதுக்குன்னு இப்பதான் புரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை ராபர்ட்சன்பேட்டை கூட்டத்துல மெடலைக் காட்டி புட்பால் பெருமையை நீங்க பேசணுமே! யாருகிட்டயும் நான் மூச்சு விடலை. விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சுப் பூசிட்டேன். மறுபடியும் பந்துதான். பேசாம கெளம்பி வாங்க.

உங்க வீட்டுக்காரி