இரண்டு ஜில்லா

பெரம்பலூர்,
திங்கட்கிழமை.

சின்னப்பிள்ளைக்கு அய்யம்பெருமாள் சொல்ல, வேறொருவர் எழுதுவது. இங்கே நானும் மூத்தவன் மணிவேல் வீட்டாரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ரெட்டிபாளையத்தில் சின்னவன் பிரேம்குமார் வீட்டில் எல்லோரும் நலமா?

போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அதோடு சரி. அதனால்தான் உன் பக்கத்து வீட்டு மலர்கொடி டீச்சர் பெயருக்கு இந்தக் கடிதம். தனியாக உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேள்.

போன வாரம் மணிவேல் மகள் கீதாஞ்சலி நோட்டோடு வந்தாள். வீட்டுப் பெரியவர்களின் லட்சியத்தைக் கேட்டு எழுதிவரச் சொன்னார்களாம். எனக்கென்னடி லட்சியம், படுத்துக் கெடக்காம போய்ச் சேரணும், அவ்வளவுதான் என்றேன். அதெல்லாம் டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க தாத்தா, வேற சொல்லுங்க என்று அடம்பிடித்தாள். மூன்று நாள் யோசித்தேன். ஆடு மேய்த்தது அப்பா சொல்லி. சுண்ணாம்புக்கல் வெட்டப் போனது மாமா சொல்லி. உன்னைக் கட்டியதுகூடப் பெரியவர்கள் பேசி முடித்ததுதான். நானாக வேண்டும் என்று நினைத்தது ஒன்றே ஒன்று. அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். நம்ம திருமழபாடி வீட்டைத் திறக்கணும் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

பூட்டிக் கிடக்கிறது என்று அங்கே கரண்டை வெட்டிவிட்டார்கள் அல்லவா? அதற்கு மனு கொடுக்க இன்று காலை இங்கே கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மனு எழுதும் வேம்பு எழுதி முடித்துவிட்டு, ஊர்ப் பெயரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவரே, திருமழபாடி அரியலூர் ஜில்லா, அங்க போயி குடுங்க என்றார். எனக்குத் தெரியாதா? ஒன்றாக இருந்ததைப் பிரித்தார்கள். அடுத்த வருஷமே சேர்த்தார்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி பிரித்தார்கள். கால்தான் பழைய பழக்கத்தில் இங்கே வந்துவிட்டது.

தனியா இருக்கவா கரண்டு கேக்குறீங்க என்று வேம்பு கேட்டார். மனுவை மடித்து வைத்துவிட்டு, இதை எழுதச் சொன்னேன். கலெக்டருக்கு எழுதுனாலாவது பதில் வரும், பொண்டாட்டிக்கு எழுதுனா வருமா என்று கேலி செய்கிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

நாலு வருஷத்துக்கு முன், ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. அப்பா என்கிட்ட இருக்கட்டும், அம்மா உன்கிட்ட இருக்கட்டும் என்று மணிவேல் சொன்னான். பிரேம்குமார் தலையாட்டினான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அன்றைக்கே நீ அவனோடு பஸ் ஏறிவிட்டாய். ஐம்பது வருஷத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று நானும் ஒருநாள் கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். பேரப்பிள்ளைகளோடு இருப்பதுதான் உனக்கு நிம்மதி என்றால் அங்கேயே இரு. கோபமில்லை. ஆனால் அதை நீயே என்னிடம் சொல்ல வேண்டும். பையன்கள் சொல்லி நான் கேட்கக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறேன். ரெட்டிபாளையத்திலிருந்து உனக்கு ஒரு பஸ்தான். புது மனுவில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். மனு வாங்கி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். அவசரப்படாதே, காலைப் பார்த்து மெதுவாக வா.

மாரியாத்தா உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அய்யம்பெருமாள்