நான் படிக்காமல் விட்ட பத்தி

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இரண்டு வருடம். நல்ல சேதி ஒன்றோடுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை, பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மரம் அறுக்கும் உங்கள் மெஷினை அண்ணன் பிரித்துவிட்டான். பெரிய மரத்தில் வைத்தால் திணறி நின்றுவிடுகிறது என்று நெடுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். அதன் இன்ஜினுக்கு வலு கூட்டுவது எப்படி என்று சொல்லும் நாலு பக்க இங்கிலீஷ் ஜெராக்ஸை எங்கிருந்தோ வாங்கி வந்தான். "அம்மிணி, நீ பி.எஸ்ஸி. முடிச்சவதான. படிச்சுச் சொல்லு."

நம் வீட்டில் என் படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை அது, அப்பா. அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுக்க வேண்டும். புகை வெளியேறும் வழியை உருண்டை அரத்தால் அராவி அகலப்படுத்த வேண்டும். அதுவரை தடங்கல் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. பாதிச் சொற்கள் எனக்குத் தெரியவில்லை. கௌதள்ளி கிராமத்துப் பள்ளியில் பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவளுக்கு எத்தனை இங்கிலீஷ் வந்துவிடும்? எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

நான் படித்தபடியே அண்ணன் செய்து முடித்தான். உங்கள் கையில் அந்த மெஷின் உறுமும். இப்போது கீச்சிட்டுக் கத்துகிறது. யூகலிப்டஸ் கட்டையில் வைத்தான், வாழைத்தண்டு மாதிரி துண்டானது. மரம் சாய்க்கும்போது கயிறு பிடிக்க வரும் பசவண்ணா சிரித்தார். "டிகிரி மேடம் சொன்னா சும்மாவா? இனி மெஷினுக்குக் காய்ச்சல் வந்தா மேடத்துக்கிட்டதான் காட்டோணும்."

மறுநாள் லைப்ரரியில் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பத்தியைப் படித்தேன். புகை வழியைத் திறந்தால் காற்று அதிகமாக உள்ளே வரும், அதற்கேற்பக் கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்டியாக வேண்டும் என்று போட்டிருந்தது. இல்லையென்றால் பிஸ்டன் சூடேறி, முழு வேகத்தில் ஓடும்போதே இறுகி நின்றுவிடுமாம்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டை ஒட்டி நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறான். இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அடிமரம். பாதி அறுத்த நிலையில் மெஷின் இறுகிவிட்டால்? அப்போது பார்த்துக் காற்றடித்து மரம் சாய்ந்தால்? உங்கள் மெஷினை விட்டுவிட்டு ஓடிவருகிறவனா அவன்? உங்களுக்குத் தெரியாததா?

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கொல்லையில் மெஷின் ஓடும்போதெல்லாம் காதை அங்கேயே வைத்திருந்தேன். சத்தம் நின்றால் கொல்லைக் கதவுக்கு ஓடுவேன். அவன் இருமினால்தான் திரும்புவேன். சொல்லாவிட்டால் அவன் உயிர் போகும் என்று தெரிந்தும், சொன்னால் என் மானம் போகும் என்று மூன்று நாள் இருந்திருக்கிறேன். இதை உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்குச் சரின்ன. இன்னிக்குத் தப்புங்கற. எதைப் புள்ள நம்பறது?" என்றான் அண்ணன்.

"பிடு மாராயா, விட்டுத் தள்ளு, நல்லாத்தான ஓடுது" என்றார் பசவண்ணா.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதுவும் அந்தப் பத்தியில் இருந்ததுதான். டீத்தூள் நிறத்தில் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, வெளுத்திருந்தால் ஆபத்து. அண்ணன் கழற்றினான். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பசவண்ணா பீடியை அணைத்தார். அண்ணன் பிளக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், "கார்புரேட்டர் திருகை அப்பா யாரையுமே தொட விடல. எனக்குந்தான் தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு."

நீங்கள் ஏன் அவனுக்குக் காட்டித் தரவில்லை, அப்பா?

"உக்காரு. முதல்ல இருந்து படி. தெரியாத இடத்துல தெரியலைன்னு சொல்லிப் படி" என்றான். படித்தேன். ஏழு இடத்தில் தெரியவில்லை என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அகராதியில் பார்த்து எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அவன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, புது பிளக் மாட்டி இரண்டு கட்டை அறுத்தான். பிளக்கில் பழுப்பு ஏறியிருந்தது. அது போதுமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இன்றைக்கு அந்த மரத்தை வெட்டுகிறார்கள். நானும் போகிறேன், அப்பா. முதலில் கிளைகளைத்தான் கழிப்பார்கள். அது முடிந்ததும் பிளக்கைக் கழற்றச் சொல்வேன். தெரு முழுக்க நின்று வேடிக்கை பார்த்தாலும், அண்ணன் எரிந்து விழுந்தாலும் சொல்வேன். வெளுத்திருந்தால் அடிமரத்தில் மெஷினை வைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மெஷினைப் பிரித்தவனின் தங்கை,
உங்கள் மகள்