ஏழு ஓலையில் எழுதிய வசை

கடலும் மலையும் காவல் நிற்கும் வெண்கரை நாட்டை ஆளும் செங்கோதை மாதேவி, மணற்றுறைக் காவலன் ஆதன் பொறையனுக்கு விடுக்கும் ஓலை. உன் துறையில் பாய் இறங்காத நாள் இல்லாதிருக்கட்டும். உன் மனைவிளக்கு நின்று எரியட்டும். இன்று என்னிடம் உனக்குள்ள நல்ல சொல் இவ்வளவே.

நீ அனுப்பிய வழக்கோலையை உரக்கப் படித்தவனை இரண்டாம் வரியிலேயே நிறுத்தச் சொன்னேன். வாய் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை.

தம்பியைக் கடல் கொண்ட வெறியில் மாலுமி ஈசாக்கு, தன் தெய்வத்தின் திருப்பெயரைத் தெருவில் நின்று வைதான். யூதருக்கு அது பெரும்பிழை. அதை அவர்கள் விசாரிக்கும் முறையை நீ கேட்டாயா? சாட்சிகள் அப்பெயருக்கு மாற்றாக வேறொரு பெயர் வைத்தே பேசுவர். முடிவில் மட்டும், பிறரை வெளியேற்றிவிட்டு, ஒருவர் ஒரே முறை கேட்டபடி சொல்வார். அதைக் கேட்ட துயருக்கு அடையாளமாக நடுவர் எழுந்து நின்று தம் ஆடையைக் கிழிப்பர். அக்கிழிசலைப் பிறகு தைப்பதில்லை.

நீயோ சந்தை நேரத்தில் மன்றத்தைத் திறந்து வைத்து, சாட்சியான முதியவர் மெனாகேமை நடுவே நிறுத்தினாய். "என்ன ஓய், சொன்னா வாய் வெந்துடுமா? அவன் திட்டுனத அப்படியே சொல்லும், நாங்களும் கேட்டு ரசிக்கிறோம்" என்றாயாம். அவரோ, "ஐயா, ஒருக்கா காதுல விழுந்ததே போதும். என் வாயால அது இன்னொருக்கா பொறக்க வேணாம்" என்று கைகூப்பினாராம். கூட்டம் சிரித்ததாம். மன்றத்தை மதிக்கவில்லையென்று அவரைச் சிறையிட்டாய். முழுநிலவன்று இருபது பிரம்படி என்றும் விதித்தாய். பின்பு தெருவில் கேட்ட பிறரிடம் அறிந்து, நீயே அவ்வசையை உரக்கச் சொல்லி, வழக்கோலையில் ஏழு படி எழுதுவித்து, என் ஊர் உட்பட ஏழு ஊர்களுக்கு அனுப்பினாய். சீச்சீ! ஈசாக்கு அழுதுகொண்டு ஒருமுறை சொன்னதை, நீ சிரித்துக்கொண்டு எத்தனை முறை சொன்னாய்!

மெனாகேமின் மனைவி எஸ்தேர் மூன்று நாள் நடந்து வந்து சொல்லித்தான் இவையெல்லாம் அறிந்தேன். அவளும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.

ஆகையால், ஓலை கண்டவுடன் நீயே சிறைக்குச் சென்று மெனாகேமை வீடு சேர்ப்பாயாக; அவர் முதுகில் ஒரு பிரம்பும் படலாகாது. ஈசாக்கு, யூதரின் தொழுகைக் கூடத்து வாசலில் அழுது கிடக்கிறானாம்; அவனைத் தொடாதே. எனக்கு வந்த படியை இத்துடன் திருப்புகிறேன்; ஏழு படிகளையும் திரட்டு. எரிக்காதே, அப்பெயர் எழுதியதை அவர்கள் மண்ணில் அடக்கம் செய்வார்கள். அவர்கள் இடுகாட்டில் குழியை நீயே வெட்டு. கூலியாளின் கைகூட அதில் படவேண்டாம்.

கேட்ட இரண்டு வரிக்காக என் மேலாடையின் ஓரத்தைக் கிழித்துவிட்டேன். அடுத்த அவைக்கு நீயும் உன் பட்டு மேலாடையை மார்பருகே கிழித்து அணிந்து வா. அதில் ஒரு தையல் கண்டாலும் துறைக்காவல் அன்றே பிறனுக்குப் போகும்.

சங்கு முத்திரை இட்டோம். இதற்கு மறுமொழி எழுதாதே. நீ எழுதியது போதும்.