வரைபடத்தில் மூடாத கடை

தம்பிக்கு,

புதுப் போனில் போட நல்ல இலவசச் செயலிகள் எவை என்று என் மகளிடம் கேட்டாயாம். "மாமாவுக்கு நீயே எழுதும்மா, நான் என்ன தபால்காரியா?" என்று அவள் நழுவிவிட்டாள்.

ஊரில் பாதிப் போன்களுக்குச் செயலி போட்டுக் கொடுத்த உனக்கா தெரியாது? கேட்டுவிட்டாய், சொல்கிறேன். முதலில் எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடை. அங்கே கிடைப்பவற்றின் நிரலை எல்லாரும் பார்க்கலாம், ஒளிவுமறைவு கிடையாது. படம் பார்க்க வி.எல்.சி. வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ். நெட் இல்லாமலும் ஓடும், அதன் வரைபடத்தை யாரும் திருத்தலாம்.

அதில் நாம் மூடிவிட்ட போன் ரிப்பேர் கடை இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டதே என்று நான் அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. எவனோ வேலையற்றவன் என்று திட்டினேன். பிறகுதான் கடை நேரத்தைக் கவனித்தேன். மதியம் ஒரு மணி நேரம் மூடியிருக்குமாம். "கஸ்டமர் காத்திருக்கட்டும், நீ முதல்ல சாப்பிடுக்கா" என்று நீ ஷட்டரை இறக்குகிற நேரம். அது வேறு யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஷட்டரை இறக்கிய அன்று கோபத்தில் நான் சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அதை விடு.

நேற்று ஒருவர் வரைபடத்தை நம்பி வந்து முழித்திருக்கிறார். செருப்புக் கடைக்காரர் அவரை நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சார்ஜ் ஏறாத போன். சாலிடரிங் உன் கைக்குத்தான் வரும். இருந்தும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"ரிப்பேர் பண்றவர் இல்லையா?" என்று கேட்டார்.

"சாப்பிடப் போயிருக்கான், வந்துடுவான்" என்றேன்.

உன் அக்கா