கிராஃப் தாளில் எங்கள் வீடு

மார்ச் 9, வெள்ளி. இரவு.

கணினி வகுப்பு ஒப்படைக்கு, விசையை அழுத்தினால் திரையில் சுழல்கிற ஒரு கட்டடத்தை நாங்களே புரோகிராம் செய்ய வேண்டும். எந்தக் கட்டடமும் சரி என்றார்கள். புத்திகெட்ட நான், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டையே மூலைக்கு மூலை அளவெண்களோடு கிராஃப் தாளில் வரைந்து பையில் வைத்திருந்தேன்.

பம்பலப்பிட்டி செக்பொயின்ற்றில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஆமிக்காரர் தாளைப் பார்த்தார், என் அடையாள அட்டையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தமிழ்ப் பொடியனின் பையில் அளவெண்களோடு கட்டடப் படம்; குண்டு வைக்கப் போட்ட திட்டம் என்றுதான் நினைத்திருப்பார். என்னோடு படிக்கும் சிங்களப் பெண் நில்மினி முன்னால் வந்து, "ஏக்க மகே, மல்லி" என்றாள், அவரைத் தம்பி என்றழைத்து. அது தன்னுடையதாம், என்னிடம் திருத்தத் தந்ததாம். பெயர் எங்கே என்று அவர் கேட்டார். அங்கேயே பென்சிலால் தன் பெயரைச் சிங்களத்தில் எழுதி, தன் அட்டையையும் நீட்டினாள். விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் தாளை மடித்து என் பைக்குள் திணித்தாள். நன்றி சொல்லக்கூட விடவில்லை, இதையெல்லாம் பையில் கொண்டு திரிவதா என்று ஏசினாள்.

"ஏன்ரா இவ்வளவு நேரம்?" என்று அம்மா கேட்டார்.

"பஸ் சுணங்கிப்போச்சம்மா."

திங்கட்கிழமை அந்தத் தாளை என் பெயரில் ஒப்படைக்க வேண்டும். சற்றுமுன் அழிறப்பரைக் கையில் எடுத்தேன். அவள் பெயரை அழிக்க மனம் வரவில்லை. புதுத் தாளில் முதல் மூலையிலிருந்து வரையத் தொடங்கியிருக்கிறேன்.